பிளக்கு செத்துப் போச்சா? தூக்கி எறியும் முன் ஒரு தடவை பாருங்கள்!

மழைக்காலம் வந்துவிட்டால் தோட்டத்து லயங்களில் விடியற்காலையில் இரண்டு சத்தங்கள் தவறாமல் கேட்கும். ஒன்று சேவல் கூவுகிற சத்தம். மற்றொன்று, கிளம்பமாட்டேன் என்று அடம்பிடிக்கிற மோட்டார் சைக்கிளை ஆள் மாற்றி ஆள் உதைக்கிற சத்தம்.

சிலாங்கூரில் பெஸ்தாரி ஜெயா பக்கம் (பழைய ஆட்களுக்கு இன்றும் அது பத்தாங் பெர்ஜுந்தைதான்) ஒரு செம்பனைத் தோட்டத்துக்கு நாம் போயிருந்தோம். தெரிந்தவர் வீட்டில் இரவு தங்கல். ராத்திரி முழுக்க நல்ல மழை. காலை ஐந்தரை மணிக்கெல்லாம் பக்கத்து வீட்டு வாசலில் உதை ஆரம்பமாகிவிட்டது. எழுந்து போய்ப் பார்த்தோம். இருபத்தைந்து வயதுத் தம்பி ஒருவர், பழைய கப்சாய் மோட்டார் சைக்கிளோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தார். நாற்பது உதைக்குக் குறையாது. பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்தது. பெரட்டுக்கு இன்னும் அரை மணி நேரம்தான். நேரத்துக்குப் போகாவிட்டால் பேர் விழாது. பேர் விழாவிட்டால் அன்றைய சம்பளம் போச்சு.

"பிளக்கு செத்துப் போச்சுங்க ஐயா. மூணு மாசத்துல இது நாலாவது பிளக்கு" என்றார் அந்தத் தம்பி.

அந்த நேரத்தில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பெரியவர் வந்தார். தோட்டத்தில் ரப்பர் இருந்த காலத்தில் பேக்டரியில் இஞ்சின் பார்த்தவராம். "ஏண்டா தம்பி, நீ உதைக்கிற உதையில உன் காலுதான் ஒடியும். தள்ளு, பாப்போம்" என்று குனிந்தார்.

குற்றம் பிளக்குடையது அல்ல

பெரியவர் முதலில் பிளக்கைக் கழற்றவில்லை. பிளக்குத் தலையில் மாட்டியிருக்கும் ரப்பர் மூடியைப் பிடுங்கினார். கவிழ்த்து உதறினார். இரண்டு சொட்டுத் தண்ணீர் விழுந்தது. டார்ச் லைட் அடித்து நமக்குக் காட்டினார். மூடியின் ரப்பரில் வெடிப்பு. உள்ளே இருக்கும் இரும்பில் செம்மண் நிறத்தில் துரு.

அதற்குப் பிறகுதான் பிளக்கைக் கழற்றினார். அதன் முனை பெட்ரோலில் குளித்திருந்தது. துணியால் துடைத்துக் காய வைத்தார். சாவியை அணைத்தபடியே, சோக் போடாமல், பிளக்கு இல்லாத இஞ்சினை ஏழெட்டுத் தடவை உதைக்கச் சொல்லி, உள்ளே தேங்கிய பெட்ரோலை வெளியே தள்ளினார். மூடியின் உட்புறத்தைத் துடைத்து, துருவைச் சுரண்டி, எல்லாவற்றையும் மாட்டினார். மூன்றாவது உதையில் வண்டி கிளம்பியது.

"இப்ப பாத்தியா? தண்ணி நின்னது மூடியில. அதனால நெருப்புப் பொறி வரல. பொறி வராததனால பெட்ரோலு எரியாம பிளக்கை நனைச்சிருச்சு. நீ நனைஞ்ச பிளக்கைப் பாத்துட்டு, பிளக்கு செத்துப் போச்சுன்னு புதுசு வாங்கிட்டே. மூடியை மாத்தியிருந்தா ஒரே செலவு."

தோழர்களே, இந்த நாலு வரியில்தான் விஷயமே இருக்கிறது. பிளக்கு ஒரு சாட்சி. இஞ்சினுக்கு உள்ளேயும் வெளியேயும் என்ன நடக்கிறது என்று அது சொல்லும். சாட்சி சொன்னதைக் கேட்காமல் சாட்சியைத் தூக்கி வீசிவிட்டால், வழக்கு எப்படித் தீரும்? வாரம் ஒரு பிளக்கு வாங்க வேண்டியதுதான்.

தண்ணீர் என்ன செய்கிறது?

பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். தலையில் ஓர் இரும்புக் குமிழ். அதற்குக் கீழே வெள்ளைப் பீங்கான். அதற்குக் கீழே ஸ்பேனர் மாட்டும் அறுகோண இரும்பு. பிறகு மரை. அடியில் நடுக்கம்பி ஒன்று, அதன் மேல் வளைந்து நிற்கும் கொக்கி ஒன்று. கம்பிக்கும் கொக்கிக்கும் நடுவே உள்ள சின்ன இடைவெளியில்தான் பொறி பாய வேண்டும். சாதாரணக் கப்சாய் பிளக்கில் இந்த இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை இருக்கும்.

அந்த இடைவெளியைத் தாண்டுவதற்கு ஆயிரக் கணக்கான வோல்ட் மின்சாரம் வருகிறது. ஆனால் மின்சாரம் எப்போதும் சுலபமான பாதையைத்தான் தேடும். பீங்கானின் மேல் ஈரமும் அழுக்கும் படிந்திருந்தால், கஷ்டப்பட்டு இடைவெளியைத் தாண்டாமல், அந்த ஈரத்தின் வழியாக இஞ்சின் இரும்புக்குள் இறங்கிவிடும். ஒயரின் ரப்பரில் வெடிப்பு இருந்தாலும் இதே கதைதான். மழை நாளில் மட்டும் கோளாறு, வெயில் ஏறினால் சரியாகிவிடுகிறது என்றால், முதலில் மூடியையும் ஒயரையும் சந்தேகப்படுங்கள்.

தோட்டத்து வண்டிகளுக்கு இன்னொரு பகையும் உண்டு. உர மூட்டையை வண்டியில் ஏற்றிப் போகிறோம். யூரியாவும் பொட்டாஷும் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும் குணம் கொண்டவை. பொட்டாஷ் உரத்தில் உள்ள உப்பு இரும்பை அரிக்கும். ரப்பர்த் தோட்டங்களில் பால் உறைய வைக்கும் ஃபார்மிக் அமிலத்தின் ஆவியும் அப்படியே. உரமோ அமிலமோ ஏற்றிய நாளில் வண்டியைத் துடைத்து வையுங்கள். குழாய்த் தண்ணீரை இஞ்சின் மேல் வேகமாகப் பீய்ச்சிக் கழுவினால், மூடிக்குள் நாமே தண்ணீரை ஏற்றி விடுகிறோம்.

துரு எங்கே பிடித்திருக்கிறது?

துருவைக் கண்டவுடன் பயப்பட வேண்டாம். எந்த இடத்தில் துரு என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தலைக் குமிழிலும் மூடிக்குள்ளும் துரு இருந்தால், மேலே இருந்து தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம். குமிழைச் சுத்தம் செய்து, வெடித்த மூடியை மாற்றினால் போதும்.

அறுகோண இரும்பில் வெளிப்புறத் துரு என்றால், அதுவும் மழை, கழுவிய தண்ணீர் இவற்றின் வேலைதான். லேசாக இருந்தால் பாதகமில்லை. ஆனால் துரு ஏறிய பிளக்கு இறுகிப் போயிருக்கும். இஞ்சின் தலை அலுமினியம். பலங்கொண்ட மட்டும் முறுக்கினால் மரை போய்விடும். பத்து வெள்ளிக் காரியம் நூற்றுக் கணக்கில் கொண்டு போய் விட்டுவிடும். இஞ்சின் ஆறிய பிறகு, துரு இளக்கும் எண்ணெயைச் சுற்றிலும் விட்டு, சற்று நேரம் ஊற வைத்து, முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்துக் கழற்ற வேண்டும். கழற்றும் முன் சுற்றியுள்ள மண்ணைப் பிரஷ்ஷால் தட்டி எடுத்து விடுங்கள். இல்லாவிட்டால் மண் இஞ்சினுக்குள் விழும்.

அடியில் உள்ள கொக்கியிலும் கம்பியிலும் துரு என்றால் மட்டும் நிமிர்ந்து உட்கார வேண்டும். அங்கே மழை போக முடியாது. அப்படியானால் இஞ்சினுக்கு உள்ளேயே தண்ணீர் இருக்கிறது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்காமல் புதுப் பிளக்கு போடுவது வீண்.

எல்லாச் சிவப்பும் துரு அல்ல

பீங்கானும் இரும்பும் சேரும் இடத்தில், வெளிப்புறத்தில், பழுப்பு நிறத்தில் ஒரு வளையம் தெரிவதுண்டு. "காத்துப் போவுது, பிளக்கு உடைஞ்சிருச்சு" என்று சொல்லி மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். உண்மையில் அது மின்சாரத்தின் வேகத்தால் காற்றில் உள்ள எண்ணெய்த் துகள்கள் இழுக்கப்பட்டுப் படிகிற கறை. பீங்கானில் வெடிப்பு இல்லையென்றால் அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

அதே போல, அடிப்பகுதிப் பீங்கானில் செங்கல் பொடி மாதிரி ஒரு பூச்சு சில சமயம் தெரியும். பெட்ரோலில் கலக்கும் சில மருந்துகள் எரிந்து அப்படிச் சிவப்பாகப் படியும். துரு இரும்பில்தான் பிடிக்கும், பீங்கானில் பிடிக்காது. இதை நினைவில் வைத்தாலே பாதி ஏமாற்றம் போய்விடும்.

உள்ளே ஈரமென்றால், எந்த ஈரம்?

பிளக்கின் அடி ஈரமாக இருந்தால் பெரியவர் சொல்லித் தந்த சோதனை இதுதான். வெள்ளைக் காகிதத்தில் ஒற்றி எடுங்கள். பிறகு வாசனை பாருங்கள். நாக்கில் மட்டும் வைக்காதீர்கள்.

பெட்ரோல் என்றால் வாடை சொல்லும். காகிதமும் சீக்கிரம் காய்ந்துவிடும். பொறி வரவில்லை, அல்லது சோக்கை அதிக நேரம் போட்டுவிட்டோம், அல்லது ஏர் பில்டர் அடைத்திருக்கிறது.

எண்ணெய் என்றால் காகிதத்தில் காயாத கறை விழும், விரலில் வழுக்கும். பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ தேய்ந்திருக்கலாம். வண்டி நீலப் புகை விட்டால் சந்தேகமே வேண்டாம்.

வாடையே இல்லாமல் வெறும் தண்ணீர் என்றால், அது இஞ்சினுக்குள் வேர்த்த தண்ணீராகவோ பெட்ரோலில் கலந்த தண்ணீராகவோ இருக்கலாம்.

பச்சையோ சிவப்போ நிறம் காட்டி, இனிப்பான வாடையுடன் பிசுபிசுத்தால் அது ரேடியேட்டரில் ஊற்றுகிற கூலண்ட். அது விஷம், பிள்ளைகள் கைபடாமல் பார்த்துக் கொள்ளுங்கள். ரேடியேட்டரில் வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்கு இந்த நிறமும் வாடையும் இருக்காது. துருவேறிய பழுப்புத் தண்ணீராகத்தான் தெரியும்.

காற்றால் குளிரும் கப்சாயில் ரேடியேட்டர் கிடையாது. ஆகவே அந்த வண்டிக்குள் தண்ணீர் இருந்தால் அது வெளியிலிருந்து வந்ததாகவோ உள்ளே வேர்த்ததாகவோதான் இருக்க வேண்டும். காடி வைத்திருப்பவர்களுக்கும், ரேடியேட்டர் உள்ள புது மோட்டார் சைக்கிள்காரர்களுக்கும் கதை வேறு.

ஒரு காடியின் கதை

அதே லயத்தில் ஒரு தோழர். மனைவிக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரத்துக்கு மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்க டவுனுக்குப் போக வேண்டும். அதற்காகவே ஒரு பழைய காடி வாங்கி வைத்திருந்தார். காலையில் கிளப்பினால் நடுங்கும். ஒரு சிலிண்டர் வேலை செய்யாது. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். பட்டறையில் காட்டினார். பிளக்கை மாற்றினார்கள். மறுபடியும் நடுக்கம். மறுபடியும் பிளக்கு. மூன்று முறை மாற்றியாகி விட்டது.

"பழசை எடுத்துக் காட்டச் சொன்னீங்களாண்ணே?" என்று கேட்டோம்.

"அதை எதுக்குப்பா கேக்கணும்? குப்பையில போட்டுட்டாங்க" என்றார்.

அந்தக் குப்பையில்தான் பதில் இருந்தது. பின்னால் ஒரு நாள் காடி நடு ரோட்டில் கொதித்து நின்றது. அப்போது கழற்றிப் பார்த்ததில், மற்றப் பிளக்குகள் சாம்பல் கலந்த பழுப்பில் இருக்க, ஒன்று மட்டும் கழுவி வைத்த மாதிரி வெளுத்து, கொக்கியில் லேசான துருவோடு இருந்தது. ஹெட் கேஸ்கெட் கசிந்து, ரேடியேட்டர்த் தண்ணீர் அந்தச் சிலிண்டருக்குள் சொட்டியிருக்கிறது. உள்ளே ஆவியான தண்ணீர் பிளக்கைக் கழுவிவிட்டது. ஆரம்பத்திலேயே பார்த்திருந்தால் கேஸ்கெட் செலவோடு போயிருக்கும். கொதித்ததில் இஞ்சின் தலையே வளைந்துவிட்டது. காடி பட்டறையில் கிடந்த நாட்களில் அந்த அம்மாளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக, வீடு வீடாக வண்டி கேட்டு அலைந்தார் அந்த மனிதர். இதைச் சொல்லும்போது அவர் குரல் கம்மியது. நாம் ஒன்றும் பேசவில்லை.

ஆகவே காடி வைத்திருப்பவர்கள் பிளக்குகளைக் கழற்றினால், எந்தச் சிலிண்டரில் எடுத்தது என்று வரிசையாக அடுக்கி வைத்துப் பாருங்கள். கஞ்சில் என்றால் மூன்று; நாலு சிலிண்டர் சாகா, வீரா என்றால் நாலு. எல்லாமே ஒரே மாதிரி கறுத்திருந்தால் கார்பரேட்டர், ஏர் பில்டர் போன்ற பொதுக் கோளாறு. ஒன்று மட்டும் வித்தியாசமாக இருந்தால் அந்தச் சிலிண்டரில்தான் வியாதி.

ரேடியேட்டர்த் தண்ணீர் வாரா வாரம் குறைகிறதா? இஞ்சின் சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லையா? இஞ்சின் எண்ணெய் தே தாரேக் நிறத்துக்கு மாறியிருக்கிறதா? இதோடு துருப்பிடித்த பிளக்கும் சேர்ந்தால், காடியை ஓட்டாமல் நேரே பட்டறைக்குக் காட்டுங்கள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டாம், முகம் வெந்துவிடும்.

கிட்டத்தில் ஓட்டினாலும் துரு வரும்

"என் வண்டி லயத்துலருந்து பெரட்டுக் களம் வரைக்கும்தான் போவுது. அதுக்கு ஏன் துரு?" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. பெட்ரோல் எரியும்போது தண்ணீர் பிறக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக உண்டாகும். இஞ்சின் சூடாக இருந்தால் அது புகைக் குழாய் வழியே போய்விடும். சூடேறுவதற்குள் அணைத்துவிட்டால், உள்ளேயே வேர்த்து நிற்கும். தினமும் இப்படியே செய்தால் பிளக்கில் துரு. இஞ்சின் எண்ணெய் ஊற்றும் மூடியின் அடியில் வெண்ணெய் போன்ற படலம். அந்தப் படலம் மட்டும் இருந்து, உள்ளே எண்ணெய் நல்ல நிறத்தில் இருந்தால் பயப்பட வேண்டாம். வாரத்துக்கு ஓரிரு தடவை இருபது நிமிடமாவது தொடர்ந்து ஓட்டினால் ஈரம் போய்விடும்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2014 டிசம்பரில் கிளந்தான், பகாங் மாநிலங்களிலும், 2021 டிசம்பரில் சிலாங்கூரிலும் வந்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க முடியாது. தண்ணீர் வடிந்தவுடன் வண்டி ஓடுகிறதா என்று உதைத்துப் பார்க்கத்தான் எல்லாருக்கும் கை துறுதுறுக்கும். அதுதான் பெரிய தப்பு. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டரில் தண்ணீர் நிற்கும்போது இஞ்சினைச் சுற்றினால் உள்ளே இருக்கும் கம்பி வளைந்துவிடும்.

ஏர் பில்டர் உயரத்துக்கோ புகைக் குழாய்க்கு மேலேயோ தண்ணீர் ஏறியிருந்தால் சாவியைத் தொடாதீர்கள். பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். பிளக்கைக் கழற்றுங்கள். பிளக்கு இல்லாமல் மெதுவாக உதைத்தால் உள்ளே உள்ள தண்ணீர் பீச்சியடித்து வெளியேறும். முகத்தைத் தள்ளி வையுங்கள். பிறகு பிளக்குத் துளையில் ஒரு தேக்கரண்டி சுத்தமான இஞ்சின் எண்ணெய் விடுங்கள். பழைய இஞ்சின் எண்ணெயை மாற்றுங்கள். ஏர் பில்டரை மாற்றி, பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இதெல்லாம் முடிந்த பிறகே கிளப்ப வேண்டும். தள்ளிப் போட்டால் சிலிண்டர் சுவரிலேயே துரு ஏறிவிடும். இன்ஜெக்‌ஷன் காடியாக இருந்தால் நாமே கை வைக்காமல் இழுத்துக் கொண்டு போய்ப் பட்டறையில் விடுவதுதான் புத்தி.

செய்யக் கூடாதவை

ஈரப் பிளக்கை அடுப்பில் சுடுவது நம் வீடுகளில் பழக்கம். பெட்ரோல் சொட்டும் பிளக்கைச் சமையலறைக்குள் கொண்டு போகாதீர்கள். உலர்ந்த துணியும் வெயிலும் போதும்.

உப்புத்தாளாலோ இரும்புப் பிரஷ்ஷாலோ பீங்கானைத் தேய்க்காதீர்கள். இரும்புப் பொடி பீங்கானில் ஒட்டி, மின்சாரத்துக்குப் புதுப் பாதை போட்டுக் கொடுக்கும்.

பொறி வருகிறதா என்று பார்க்க பிளக்கைக் கையில் பிடித்துக் கொண்டு உதைக்காதீர்கள். அந்த அதிர்ச்சி விளையாட்டல்ல. இதயத்தில் கருவி பொருத்தியவர்கள் பக்கத்திலேயே வரக் கூடாது. பெட்ரோல் ஆவி வரும் துளைக்கு அருகில் பொறி பறந்தால் தீப்பிடிக்கும்.

மாட்டும்போது முதலில் கையாலேயே கடைசி வரை சுற்றுங்கள். புதுப் பிளக்கு என்றால் பிறகு ஸ்பேனரால் சுமார் அரைச் சுற்று. பழையது என்றால் அதைவிடக் குறைவு. மூச்சைப் பிடித்து முறுக்க வேண்டியதில்லை.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு பிளக்கு ஸ்பேனர், ஒரு நல்ல பிளக்கு, ஓர் உலர்ந்த துணி. மூன்றையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி சீட்டுக்கு அடியில் வையுங்கள். ராத்திரியில் வண்டியைக் கூரைக்குக் கீழே நிறுத்துங்கள். வெடித்த மூடியை மழைக்காலத்துக்கு முன்பே மாற்றுங்கள்.

பட்டறைக்குப் போனால், "பழைய பிளக்கைக் குடுங்க, பாக்கணும்" என்று தைரியமாகக் கேட்டு வாங்குங்கள். அது நாம் காசு கொடுத்து வாங்கிய பொருள், கேட்பதில் வெட்கமில்லை. நல்ல பட்டறைக்காரர் அவரே எடுத்துக் காட்டுவார்.

அன்று காலை அந்தத் தம்பி பெரட்டுக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தார். மாலையில் வந்து, புது மூடி வாங்கி மாட்டியதைப் பெரியவரிடம் காட்டினார். "பிளக்கை என்னடா செஞ்சே?" என்றார் பெரியவர். "அதேதான் தாத்தா ஓடுது. வீட்டுல இன்னும் மூணு கெடக்கு. அதையும் தொடைச்சு வெச்சிருக்கேன்" என்றார் தம்பி. செத்துப் போச்சு என்று கழற்றிப் போட்ட அந்த மூன்றில் இரண்டு நல்ல பிளக்குகள். பெரியவர் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து எடுத்துக் கொடுத்தார்.